ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள்: துடைப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது?

கணினியைத் துப்புரவு செய்வதாகச் சொல்லும் சிசிகிளீனர் 6 மென்பொருளின் இடப்பக்கப் பட்டியலில், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடமான 'ரெஜிஸ்ட்ரி'க்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அதைத் திறந்து தேடச் சொன்னால், ஒரு நிமிடத்திற்குள் 'பிரச்சினைகள்' என்ற தலைப்பின்கீழ் திரை நிறைய வரிகள் வந்து நிற்கும்: காணாமற்போன டிஎல்எல் கோப்பு (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக்கோப்பு), பயன்படாத கோப்பு நீட்டிப்பு, ஆக்டிவ்எக்ஸ் கோளாறு, இல்லாத எழுத்துருவுக்கான குறிப்பு என்று இறங்கிக்கொண்டே போகும். ஆறு ஆண்டுகளாக நான் பயன்படுத்திவரும் லேப்டாப்பில் முதல் தேடலிலேயே 312 வரிகள் வந்தன. அந்த நிமிடம் வரை அது எந்தக் குறையும் சொல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. 312 பிரச்சினைகளைச் சுமந்துகொண்டு ஒரு கணினி எப்படி நலமாக ஓடியது என்ற கேள்விதான் இதை எழுதத் தூண்டியது.

இரண்டு மென்பொருள்களை இரண்டு கணினிகளில் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்தேன். ஒன்று, சிசிகிளீனரின் 6-ஆம் வரிசை இலவசப் பதிப்பு. மற்றொன்று விளம்பரங்களில் அடிக்கடி தென்படும் கட்டண மென்பொருள். அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. கணினிகளில் ஒன்று எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் பொருத்திய லேப்டாப், மற்றது பழைய ஹார்ட் டிஸ்க்குடன் விண்டோஸ் 10 ஓடும் மேசைக் கணினி. கட்டண மென்பொருளில் தேடுவதற்குக் காசில்லை, நீக்குவதற்குத்தான் காசு. அதே லேப்டாப்பில் அது சிசிகிளீனரைக் காட்டிலும் மூன்று மடங்குக்கு மேற்பட்ட 'பிழைகளை'ச் சிவப்பு எழுத்தில் காட்டியது. ஒரே ரெஜிஸ்ட்ரியைப் படித்த இரண்டு மென்பொருள்கள் இவ்வளவு வேறுபட்ட எண்ணிக்கையைச் சொல்கின்றன என்றால், எது பிழை என்பதற்குப் பொதுவான வரையறையே இல்லை என்பது அப்போதே புரிந்துவிட்டது.

ரெஜிஸ்ட்ரியைக் குப்பை சேரும் கிடங்காக எண்ணிக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அது விண்டோஸின் பேரேடு. முற்காலத்தில் ஒவ்வொரு நிரலும் தன் அமைப்புகளை ஐஎன்ஐ என்ற நீட்டிப்புடைய சிறு உரைக்கோப்புகளில் எழுதி வைத்தது, விண்டோஸும் வின்.ஐஎன்ஐ, சிஸ்டம்.ஐஎன்ஐ ஆகிய இரண்டை வைத்திருந்தது. 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல் ரெஜிஸ்ட்ரி சிறிய அளவில் அறிமுகமாகி, எந்த வகைக் கோப்பை எந்த நிரல் திறக்க வேண்டும் என்பது போன்ற விவரங்களை மட்டும் தாங்கியது. விண்டோஸ் என்டியும் விண்டோஸ் 95-ம் வந்தபோதுதான் வன்பொருள், பயனர், நிரல் என்று அனைத்தின் கணக்கும் இந்த ஒரே பேரேட்டுக்குள் வந்து சேர்ந்தது. இன்றைய விண்டோஸில் அது ஒரே கோப்பாக இல்லை. 'ஹைவ்' எனப்படும் பல கோப்புகளாகப் பிரிந்து, சிஸ்டம், சாஃப்ட்வேர், சாம், செக்யூரிட்டி முதலியவை சிஸ்டம்32 கோப்புறைக்குள் உள்ள கான்ஃபிக் என்ற கோப்புறையிலும், ஒவ்வொரு பயனருக்கும் உரிய பகுதி அவரவர் கோப்புறையிலும் இருக்கின்றன. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் நாம் காணும் மரம் இந்தக் கோப்புகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் தோற்றமே.

பேரேட்டில் முடிந்துபோன கணக்குகளும் இருக்கும். எப்போதோ நிறுவி நீக்கிய நிரலின் பெயர் ஓரிடத்தில் தங்கியிருக்கும். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டாதவரை அதனால் நட்டமில்லை. கிளீனர் செய்வது, அத்தகைய பக்கங்களைத் தேடிக் கிழிப்பது. எது முடிந்த கணக்கு என்பதை அது எப்படித் தீர்மானிக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆகவே 312 வரிகளையும் வகை பிரித்துப் பொறுமையாகப் பார்த்தேன்.

பெரும்பகுதி வெறும் தூசு. 'பயன்படாத கோப்பு நீட்டிப்பு' என்பதன்கீழ் வந்தவை, நான் எப்போதோ ஒருமுறை திறக்க முயன்ற கோப்பு வகைகளின் வெற்றுப் பெயர்கள். 'எம்யூஐ கேஷ்' என்ற வகையில் வந்தவை, நிரல்களின் பெயர்களைத் திரையில் காட்டுவதற்காக விண்டோஸ் தன் வசதிக்கு எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புகள். அழித்தால் அடுத்த முறை நிரலைத் திறக்கும்போது அதுவே மீண்டும் எழுதிக்கொள்ளும். அழித்து இரண்டு நாள் கழித்துத் தேடியபோது இந்த வகை வரிகள் திரும்பவும் வந்து நின்றதில் வியப்பில்லை. பகிரப்பட்ட டிஎல்எல் பட்டியல் என்பது, ஒரு கோப்பை எத்தனை நிரல்கள் பயன்படுத்துகின்றன என்ற எண்ணிக்கை. கோப்பு போன பின்பும் எண் மட்டும் தங்கியிருக்கும். நிறுவும் நிரலும் நீக்கும் நிரலும் தவிர வேறு யாரும் அதைப் படிப்பதில்லை.

ஆக்டிவ்எக்ஸ், காம் என்ற வகைகளுக்கு வரும்போதுதான் கை சற்றுத் தயங்க வேண்டும். ஒரு நிரல் மற்றொரு நிரலின் ஒரு துண்டை அழைத்துப் பயன்படுத்துவதற்கான முகவரிகள் இங்கே இருக்கின்றன. நீண்ட அடையாள எண் ஒன்றும், அதற்குரிய கோப்பு இருக்கும் பாதையும் அதில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பாதையில் கோப்பு இருக்கிறதா, இல்லையா என்பது ஒன்றே கிளீனர் வைக்கும் சோதனை. இல்லையென்றால் 'பிரச்சினை'. ஆனால் ஒரு கோப்பு இந்தக் கணத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. அது இப்போது செருகப்படாத யுஎஸ்பி டிஸ்க்கில் இருக்கலாம். பூட்டி வைத்த டிரைவில் இருக்கலாம். நெட்வொர்க் வழியாக இணைத்த டிரைவில் இருந்தால் நிலைமை இன்னும் விசித்திரமானது: கிளீனர் நிர்வாகி உரிமையுடன் இயங்குவதால், சாதாரண உரிமையில் நாம் இணைத்து வைத்திருக்கும் நெட்வொர்க் டிரைவ்கள் விண்டோஸின் இயல்பான அமைப்பில் அதன் பார்வைக்கே வருவதில்லை. நம் கண்முன்னே திறந்து கிடக்கும் கோப்பை அது 'இல்லை' என்று சொல்லக்கூடும். 32-பிட் நிரல்களின் பதிவுகளை 64-பிட் விண்டோஸ் தனிக் கிளையில் வைப்பதால் வரும் சிக்கல் வேறு.

எழுத்துரு வகையும் தமிழில் அச்சு வேலை பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது. எழுத்துருக்களை விண்டோஸுக்குள் நகலெடுக்காமல், அவை இருக்கும் இடத்திலிருந்தே குறுக்குவழியாக நிறுவிக்கொள்ளும் வசதி உண்டு. நூற்றுக்கணக்கில் பாமினி வகைப் பழைய எழுத்துருக்களை வெளி டிஸ்க்கில் சேர்த்து வைத்து அப்படி நிறுவியவர்களின் ரெஜிஸ்ட்ரியில் அந்த டிஸ்க்கின் பாதைதான் எழுதப்பட்டிருக்கும். டிஸ்க் கழற்றியிருக்கும் நேரத்தில் தேடினால் அத்தனையும் 'காணாமற்போன எழுத்துரு' ஆகிவிடும்.

வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மென்பொருள்கள் விலைபோவது அந்த ஒரு வாக்குறுதியால்தான். இரு கணினிகளிலும் நீக்குவதற்கு முன் ஐந்து முறையும் நீக்கிய பின் ஐந்து முறையும் மறுதொடக்கம் செய்து, மேசைத்திரை வந்து உலாவி திறக்கும் வரை நேரம் குறித்தேன். ஒரே நிலையில் இருக்கும் கணினியிலேயே ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் சில விநாடிகள் வேறுபட்டன. நீக்குவதற்கு முன்னும் பின்னும் இருந்த வேறுபாடு அந்த ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிப்போய்விட்டது. என் கைக்கடிகாரச் சோதனையை ஆய்வு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ரெஜிஸ்ட்ரி வேலை செய்யும் முறையை அறிந்தவர்கள் எதிர்பார்க்கும் விடையும் இதுவே. விண்டோஸ் ஒரு விவரத்தைத் தேடும்போது பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவதில்லை. பெயர் பெயராகக் கிளை பிடித்து இறங்கி நேராக அந்த இடத்துக்குப் போகிறது. வழியில் இல்லாத கிளையில் முந்நூறு வெற்றுப் பதிவுகள் இருந்தால் என்ன, மூவாயிரம் இருந்தால் என்ன? விண்டோஸின் உள்ளே நடப்பதை ஆராய உதவும் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளை உருவாக்கியவரும் பின்னாளில் மைக்ரோசாஃப்ட்டில் சேர்ந்தவருமான மார்க் ருசினோவிச் 2005-லேயே இதை எழுதினார்: ரெஜிஸ்ட்ரி மிகப் பெரிதாக வீங்கியிருந்தாலும், அதை முழுவதுமாக அலசித் தேடும் வேலையைத் தவிர மற்றவற்றில் வேகம் குறையாது என்பது அவர் கருத்து.

அளவை வைத்துப் பார்த்தால் நிலைமை நகைப்புக்குரியது. நீக்கிய 312 பதிவுகளுக்கும் சிசிகிளீனர் எடுத்துத் தந்த காப்பு நகல் 150 கேபிகூட இல்லை. அதே லேப்டாப்பில் சாஃப்ட்வேர் ஹைவ் கோப்பு மட்டும் 90 எம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்றால், இங்கே எலியைப் பிடித்தும் மலையில் இடம் மிச்சமாகவில்லை. பதிவை நீக்கினால் ஹைவ் கோப்பு உடனே சுருங்குவதில்லை, நீக்கிய இடம் அதன் உள்ளேயே காலியிடமாகக் கிடக்கும்.

இந்த நம்பிக்கை காற்றில் முளைத்ததல்ல என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். விண்டோஸ் என்டி, 2000 ஆகியவற்றில் ரெஜிஸ்ட்ரியின் மொத்த அளவுக்கு உச்சவரம்பு இருந்தது. அந்த வரம்பு எக்ஸ்பியில் நீக்கப்பட்டுவிட்டது. நினைவகம் 32 எம்பியும் 64 எம்பியுமாக இருந்த காலத்தில் ரெஜிஸ்ட்ரியை இளைக்க வைப்பதில் ஏதோ ஒரு பொருள் இருந்தது. அன்றைய அறிவுரை இன்றைய 8 ஜிபி கணினிக்கும் விற்கப்படுகிறது.

மைக்ரோசாஃப்ட்டே ஒருகாலத்தில் இந்தத் தொழிலில் இருந்தது என்பது பலர் மறந்துபோன செய்தி. தொண்ணூறுகளில் ரெக்கிளீன் என்ற கருவியை இலவசமாக வெளியிட்டு, சிக்கல்கள் எழுந்த பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது. பின்னர் விண்டோஸ் லைவ் ஒன்கேர் என்ற பெயரில் நடத்திய இணையவழிச் சோதனையிலும் ரெஜிஸ்ட்ரி துப்புரவு ஒரு பகுதியாக இருந்தது. இப்போது அதன் உதவிப் பக்கத்தில் இருக்கும் கொள்கை அறிவிப்பு நேர்மாறானது: ரெஜிஸ்ட்ரி துப்புரவுக் கருவிகளைப் பயன்படுத்துவதைத் தாங்கள் ஆதரிப்பதில்லை, அவற்றால் வரும் சிக்கல்களுக்குப் பொறுப்பேற்பதில்லை, அவற்றைத் தீர்க்க முடியும் என்று உறுதி கூறவும் இயலாது. செய்து பார்த்துக் கைவிட்டவர் சொல்வதால் இதற்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுக்கிறேன்.

பெயர் சொல்லாத அந்தக் கட்டண மென்பொருளை நான் எடுத்துப் பார்க்கக் காரணமே எங்கள் தெருவில் இருக்கும் ஒரு சிறிய அச்சகத்தில் நடந்த சம்பவம்தான். அங்கே பில் போடுவதற்கு விஷுவல் பேசிக் 6-இல் யாரோ எழுதிக் கொடுத்த பழைய நிரல் ஒன்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்கு விவரங்கள் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காக, நிரலையும் அதற்குத் தேவையான ஓசிஎக்ஸ் எனப்படும் ஆக்டிவ்எக்ஸ் கோப்புகளையும் சேர்த்து ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, உரிமையாளர் அதை ஒவ்வொரு நாள் இரவும் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கை மகன், கணினி மெதுவாக இருக்கிறதே என்ற நல்லெண்ணத்தில், அந்த மென்பொருளுக்குப் பணம் கட்டி, காட்டிய பிழைகள் அனைத்தையும் ஒரே சொடுக்கில் சரிசெய்துவிட்டான். டிஸ்க் அன்று வீட்டில் இருந்தது. காப்பு நகல் வேண்டுமா என்று கேட்ட பெட்டியில் 'வேண்டாம்' என்று அழுத்தியிருக்கிறான். திங்கட்கிழமை காலை நிரலைத் திறந்தால் 'ரன்-டைம் எரர் 429', அதாவது தேவையான ஆக்டிவ்எக்ஸ் துண்டை உருவாக்க முடியவில்லை என்ற செய்தி.

"தம்பி, சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் பில் போட்டேன், ஒரு ஃபைலையும் யாரும் தொடலை" என்று அண்ணாச்சி சொன்னது முழு உண்மை. கோப்புகள் அத்தனையும் டிஸ்க்கில் அப்படியே இருந்தன. அவை எங்கே இருக்கின்றன என்று விண்டோஸுக்குச் சொல்லும் முகவரிகள் மட்டும் போய்விட்டிருந்தன. நிரலை எழுதியவர் ஊரிலேயே இல்லை. ரெக்சர்வர்32 கட்டளையைக் கொண்டு ஓசிஎக்ஸ் கோப்புகளை ஒவ்வொன்றாக மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தது. அவை 32-பிட் கோப்புகள். 64-பிட் விண்டோஸில் அவற்றைப் பதிவு செய்வதற்கான ரெக்சர்வர்32, சிஸ்டம்32 கோப்புறையில் அல்ல, 64 என்ற எண்ணைப் பெயரில் தாங்கிய சிஸ்வாவ்64 கோப்புறையில்தான் இருக்கிறது. இந்தப் பெயர்க் குழப்பத்தை வைத்தவர்கள் யாராயிருந்தாலும் அன்று அவர்களை வாழ்த்தவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு முதல் பில் வெளியே வந்தது. அதுவரை கையால் எழுதிய பில்களை மாலையில் உட்கார்ந்து ஏற்றினார்கள். கணினியின் வேகம் ஞாயிறுக்கு முன் இருந்ததைப் போலவேதான் இருந்தது.

காப்பு நகல் எடுத்திருந்தால் இது ஐந்து நிமிட வேலையாக முடிந்திருக்கும் என்பது உண்மை. சிசிகிளீனர் ஒவ்வொரு முறையும் காப்பு நகல் வேண்டுமா என்று கேட்கிறது, அந்த வகையில் பாராட்டலாம். ஆனால் அது எடுத்துத் தருவது ரெக் என்ற நீட்டிப்புடைய உரைக்கோப்பு. நீக்கிய பதிவுகளை அது திரும்ப எழுதும். யார் எந்தப் பதிவைத் தொடலாம் என்ற அனுமதி விவரங்கள் அந்தக் கோப்பில் இருப்பதில்லை. அதைவிட முக்கியமாக, அதைப் பயன்படுத்த விண்டோஸ் முதலில் திறக்க வேண்டும். விண்டோஸே திறக்காத நிலை வந்தால் முன்பெல்லாம் ரெக்பேக் என்ற கோப்புறையில் விண்டோஸ் தானாக எடுத்து வைத்த ரெஜிஸ்ட்ரி நகல் கைகொடுக்கும். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து, வட்டில் இடம் மிச்சப்படுத்துவதற்காக, அந்த நகலெடுப்பை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இன்று அந்தக் கோப்புறையைத் திறந்தால் கோப்புகள் இருப்பதுபோல் தோன்றும், அளவு பூஜ்யமாக இருக்கும். எஞ்சுவது, கணினியை முந்தைய நிலைக்குக் கொண்டுபோகும் சிஸ்டம் ரெஸ்டோர் வசதி. அது பல கணினிகளில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. எனவே இருக்கிறது என்று நம்பிக்கொண்டிராமல் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

மென்பொருளின் வேலையைத் தவிர்த்து, அதைத் தயாரிப்பவர்களின் வரலாற்றையும் பார்க்காமல் மதிப்பெண் போட முடியாது. நிர்வாகி உரிமை கொடுத்து ரெஜிஸ்ட்ரிக்குள் விடுகிறோம் என்றால், வீட்டுச் சாவியைக் கொடுப்பதாகத்தான் பொருள். சிசிகிளீனரை லண்டனைச் சேர்ந்த பிரிஃபார்ம் நிறுவனம் உருவாக்கியது. 2017 ஜூலையில் வைரஸ் தடுப்பு மென்பொருள் நிறுவனமான அவாஸ்ட் அதை வாங்கியது. அடுத்த மாதம் வெளியான 5.33 பதிப்பின் 32-பிட் நிரலுக்குள் ஊடுருவல்காரர்கள் தீநிரலைச் சேர்த்திருந்தார்கள். நிறுவனத்தின் முறையான டிஜிட்டல் கையொப்பத்துடன், அதிகாரபூர்வ தளத்திலிருந்தே அது சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. செப்டம்பரில் சிஸ்கோ டாலோஸ் ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் கண்டுபிடித்த பிறகே செய்தி வெளியானது. தாக்கியவர்களின் உண்மையான இலக்கு பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள், சாதாரணப் பயனர்கள் தப்பித்துக்கொண்டார்கள் என்பது ஓர் ஆறுதல். 2020-இல் விண்டோஸின் பாதுகாப்பு மென்பொருளான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் சிசிகிளீனரின் சில நிறுவிகளை விரும்பத்தகாத மென்பொருள் வகையில் சேர்த்தது. அதற்குக் காரணம் ரெஜிஸ்ட்ரி அல்ல, கேட்காத வேறு மென்பொருள்களையும் கூடவே நிறுவ முனைந்ததுதான். அந்தக் கூட்டுச் சரக்கை ஒவ்வொரு புதுப்பிப்பிலும் கவனித்துத் தவிர்க்க வேண்டியிருந்தது என்பது என் அனுபவமும்கூட.

இதெல்லாம் இருந்தும் சிசிகிளீனர் இந்தக் கூட்டத்தில் யோக்கியமானது என்றே சொல்வேன். எண்ணிக்கையைச் சிவப்பில் காட்டி அச்சுறுத்திப் பணம் பறிப்பவர்கள் வேறு வகையினர். ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரு சைப்ரஸ் நிறுவனங்கள், கணினியில் இல்லாத கோளாறுகளைக் காட்டிப் பழுதுநீக்கும் சேவைகளை விற்றதாக அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியதையடுத்து, 2024-இல் 2.6 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. 2019-இல் ஆஃபீஸ் டிப்போ, சப்போர்ட்.காம் ஆகிய நிறுவனங்கள் இதே ஆணையத்திடம் மொத்தம் 3.5 கோடி டாலருக்குத் தீர்வு கண்ட வழக்கு இன்னும் சுவையானது: கணினியைச் சோதிப்பதாகச் சொன்ன அந்த நிரலின் முடிவு, தொடக்கத்தில் வாடிக்கையாளரிடம் கேட்ட நான்கு கேள்விகளுக்கு அவர் 'ஆம்' என்றாரா என்பதைப் பொறுத்தே அமைந்தது என்பது குற்றச்சாட்டு. கணினி மெதுவாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னதையே அது உங்களுக்குக் கண்டுபிடித்துச் சொல்லியது.

எந்தச் சூழ்நிலையிலும் பயனே இல்லையா என்றால், ஒன்று உண்டு. சரியாக நீங்காத நிரலொன்றின் எச்சம், அதன் புதிய பதிப்பை நிறுவ விடாமல் தடுப்பது நிஜமாகவே நடக்கிறது. அப்போதுகூட முந்நூறு பதிவுகளை நீக்கும் கருவி தேவையில்லை. அந்த நிரலைத் தயாரித்தவர்களே தரும் நீக்குக் கருவியையோ, மைக்ரோசாஃப்ட்டின் நிறுவல்-நீக்கச் சிக்கல் தீர்வியையோ பயன்படுத்தினால் குறிப்பிட்ட பதிவுகள் மட்டும் போகும். கணினியைத் திறந்ததும் இல்லாத கோப்பைத் தேடிப் பிழைச்செய்தி வருகிறதென்றால், தொடக்கத்தில் தானாக ஓடுபவற்றைப் பட்டியலிடும் சிஸ்இன்டர்னல்ஸின் ஆட்டோரன்ஸ் கருவியில் அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்து அதன் முன்னுள்ள டிக்கை எடுத்துவிடலாம். தவறென்றால் மறுபடி டிக் செய்யலாம். வேகம்தான் வேண்டுமென்றால், என் பழைய மேசைக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்ட நாளில் கண்ட மாற்றத்தை எந்த மென்பொருளும் தரவில்லை. தொடக்கத்தில் தானாக ஓடும் நிரல்களை டாஸ்க் மேனேஜரில் குறைத்தது அதற்கு அடுத்தபடி பயன்பட்டது. அதற்குச் செலவும் இல்லை.

ஆகவே ஐந்து நட்சத்திரங்களில் சிசிகிளீனரின் ரெஜிஸ்ட்ரி பகுதிக்கு ஒன்றரை தருகிறேன். அதில் ஒன்று காப்பு நகலைத் தவறாமல் கேட்பதற்கு. அரை நட்சத்திரம் இலவசம் என்பதற்கு. பெயர் சொல்லாத கட்டண மென்பொருளுக்கு எதுவும் இல்லை. அச்சகத்துக் கணினியிலிருந்து அதை நீக்கியபோது, நீக்கு நிரல் ஓடி முடிந்த பின்பும் ரெஜிஸ்ட்ரியில் அதன் சொந்தப் பதிவுகள் பதினொன்று எஞ்சியிருந்தன. அவற்றை அப்படியே விட்டுவிட்டேன்.